அப்பா கடைசி

ரஃப் கட் என்றால் அரைவேக்காட்டுப் படம். எடுத்த காட்சிகளை வரிசையாக ஒட்டி, எடுக்காத இடத்தில் கருப்பு அட்டை போட்டு, இசை இல்லாமல், நிறம் திருத்தாமல், தேறுமா தேறாதா என்று பார்ப்பதற்காகச் செய்வது. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். நான் எடிட்டர். அப்பாவிடம் ஒருமுறை காட்டப் போனேன். "வெந்ததும் வேகாததுமா எனக்கு வேண்டாம்டா. முடிஞ்சதும் கூப்பிடு" என்றார். அதற்கப்புறம் எப்போது போன் செய்தாலும் ஒரே கேள்விதான்: "படம் முடிஞ்சுதா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதென்ன அடுப்பில் வைத்த பாலா, பொங்கியதும் இறக்கிவைக்க?

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "உடனே கிளம்பி வாடா." அன்றுதான் தயாரிப்பாளருக்கு ரஃப் கட் அனுப்ப வேண்டிய நாள். "அனுப்பிட்டு வந்துடறேன்க்கா" என்றேன். அனுப்பினேன். போனேன். அப்பா இல்லை.

அழுகை வரவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சழுத்தக்காரன் என்று அத்தை சொன்னாளாம். அழுத்தம் இருந்தாலாவது தேவலை. நெஞ்சில் ஒன்றுமே இல்லை.

கடைசி நாளில் அப்பாவை அக்கா போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். என் போனில் இடமில்லை என்று வேலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, 'அப்பா கடைசி' என்று பெயர் வைத்தேன். திறக்கவில்லை. அக்கா தினமும் "பார்த்தியாடா?" என்பாள். "பார்த்தேன்க்கா" என்று கூசாமல் பொய் சொல்வேன்.

நான் வெட்டிக்கொண்டிருந்த படத்திலும் ஓர் அப்பா ஆஸ்பத்திரியில் சாகிறார். அந்தக் காட்சிக்கும் முன்பே அதே பெயரைத்தான் வைத்திருந்தேன். மறந்துபோய்விட்டது.

நேற்று, காட்சிகளைச் சேமித்துவைக்கும் டிஸ்கை மாற்றினேன். மாற்றினால், ரஃப் கட்டில் உள்ள ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டர் புதிதாகத் தேடிப் பிடிக்கும். பெயரைப் பார்த்துத் தேடும், முகத்தைப் பார்க்காது. எல்லாவற்றையும் பிடித்துவிட்டு 'சரியா?' என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒருதரம் முழுசாக ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. பார்த்தேன், அப்பா சாகும் அந்த ஒரு காட்சியை மட்டும் தாண்டிவிட்டு.

இன்று காலை பதினொரு மணிக்குத் தயாரிப்பாளரும் இயக்குநரும் வந்து உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. திரையின் அடியில் நேரம் காட்டும் எண்களும் ஓடின. கதாநாயகன் ஆஸ்பத்திரி அறைக் கதவைத் திறந்தான். அடுத்த ஷாட்டில் என் அப்பா படுத்திருந்தார்.

கழுத்துவரை பச்சைப் போர்வை. கன்னத்தில் நாலு நாள் நரைமுடி. படம் லேசாக ஆடியது. "தம்பிக்கு ஏதாச்சும் சொல்லுங்கப்பா" என்று அக்காவின் குரல் கேட்டது.

அப்பா யோசித்தார். மூச்சு வாங்கியது.

"படம் முடிஞ்சுதான்னு கேளு."

அதற்கப்புறம் வாசல் பக்கம் திரும்பி, பார்த்துக்கொண்டே இருந்தார். இயக்குநர் சட்டென்று என்னைப் பார்த்தார், அவர் எடுத்த காட்சி இல்லையே அது. நிறுத்தியிருக்க வேண்டும். கை எழவில்லை. கீழே எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்தேழு விநாடி.

விளக்கைப் போட்டதும் தயாரிப்பாளர் கேட்டார். "யாருய்யா அந்தப் பெரியவர்? ஆளை மாத்திட்டீங்களா? பிச்சு உதறிட்டாரே! நடிக்கிற மாதிரியே தெரியல. அந்த வசனம்தான் ஒட்டல, என்னமோ படம் கிடம்னு. அப்புறம், வாசலைப் பார்க்கிறது கொஞ்சம் நீளம். பாதியாக்கிடுங்க."

"சரி சார்" என்றேன். வாய்ப் பழக்கம்.

அவர் போனதும் இயக்குநர் என்னிடம் வந்தார். "யாரு அது?"

"எங்கப்பா."

"அடக் கடவுளே! ஏன்யா நிறுத்தல?"

"நானே இப்பதான் சார் முதல்தடவையா பார்க்கிறேன்."

அவர் என் தோளில் கையை வைத்தார். வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. அப்பாவை எடுத்துவிட்டு நடிகரின் காட்சியைச் சேர்த்தேன். நடிகர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதார். நீளமும் சரியாக இருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல அக்கா கூப்பிட்டாள். "பார்த்தியாடா?"

"பார்த்தேன்க்கா."

ஒரு மாதமாகச் சொன்ன அதே வார்த்தைதான். ஆனாலும் அவளுக்கு என்ன புரிந்ததோ, மெதுவாகக் கேட்டாள். "அழுதியா?"

"இல்லக்கா. வாசலைப் பார்க்கிறது கொஞ்சம் நீளம்னு சொன்னாங்க."

"யாருடா சொன்னா?" என்றாள் அக்கா.