இரண்டு வீட்டு வெற்றிலை

ரத்னபாய் வீட்டு முற்றத்தில் நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வேதமணி அண்ணே, அந்த இஞ்சிவிளை வீடு மெட்ராசோட சேருமா?"

ஐம்பத்தாறாம் வருடம், சித்திரை மாதம். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் மெட்ராசோடு சேரப்போகிற நேரம், புது எல்லை எங்கே விழும் என்பதுதான் எங்கும் பேச்சு. எல்லைப் போராட்டத்தில் கல்லெறிந்ததாக அவள் மகன் யோசுவாமேல் கேஸ். மெட்ராஸ் பக்கம் பணகுடிக்கு ஓடிப்போய் இரண்டு வருடமாகிவிட்டது. திருவிதாங்கூர் போலீஸ் நுழைய முடியாத ஒரு வீடு வேண்டும் அவளுக்கு, மகன் வந்து படுக்க. அதற்காகக் கொல்லயில் ஊரில் இருந்த பூர்வீக வீட்டையே விற்று இதை வாங்கத் துணிந்திருந்தாள்.

எங்கள் தரகில் ஒரு வழக்கம் உண்டு. எவர் வீட்டு வெற்றிலையை மென்றோமோ அவர் பேச்சு வெளியே போகக்கூடாது. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே ஆள் பேசினால் இந்த வழக்கம் என்னாகும் என்று எந்த மடையனும் யோசித்து வைக்கவில்லை, நானும்தான். இஞ்சிவிளை வீட்டை விற்கிறவன் தங்கையன். முந்தின நாள் அவன் வெற்றிலையையும் மென்றிருந்தேன். அப்போது அவன் சொன்னது:

"எலே, எல்லைக்கல்லு எனக்க வீட்டுக்குக் கிழக்கயாக்கும் விழும். சர்வே ஆளு சொன்னான். வீடு மலையாளத்துல போவும். பெறவு ஒரு தமிழனும் வாங்கமாட்டான். நீ இத யாருட்டயும் மிண்டப்பிடாது, கேட்டியா?"

நான் மிண்டவில்லை. ரத்னபாயிடம், "சேரும்னுதான் எல்லாரும் பேசுதாவ" என்றேன். பொய் இல்லை. எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். என்ன சாமர்த்தியம், தூ!

பாறசாலை ரிஜிஸ்தர் ஆபீசில் கிரய ஆதாரம் எழுதினார்கள். விற்றவர், வாங்கியவர், சாட்சிகள் எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. தரகன் யாருடைய ஆள் என்று எழுத ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

ஐப்பசியில் எல்லைக்கல் நட்டார்கள், அவள் அடுக்களைக்குப் பத்தடி கிழக்கே.

நவம்பர் மூன்றாம் தேதி, போகாமலிருக்க முடியாமல் அங்கே போனேன். கல்லுக்கு அந்தப்புறம், மெட்ராஸ் மண்ணில், யோசுவா நின்றான், தாடியும் ஒட்டிய கன்னமுமாக. இந்தப்புறம் ரத்னபாய் சோற்றுச் சட்டியோடு நின்றாள். வீட்டு வாசலில் ஒரு மலையாளப் போலீஸ்காரன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்க ஆளாட்டுதானே வந்திய."

ஏசியிருந்தால் தேவலை. அவள் சட்டியை மகன் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அவன் நின்றபடியே அள்ளித் தின்றான். தின்று முடித்துக் கையை நீட்டினான். அவள் இங்கே நின்று செம்பைச் சரித்தாள். தண்ணீர் அவன் கையைக் கழுவிக் கல்லின்மேல் வழிந்தது. திறந்துகிடந்த அடுக்களைக் கதவு வழியே, உள்ளே அவனுக்காக விரித்துப் போட்டிருந்த பாய் எனக்குத் தெரிந்தது.