மூன்றாவது ஓட்டு

லென்ஸைச் சாணையில் பொருத்திவிட்டு அவள் கைப்பேசியைப் பார்த்தாள். மணி நாலு இருபது. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. சீட்டில் எழுதிய அளவுக்கு லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்த வேண்டும். எதையும் இரண்டு முறை அளந்து பார்ப்பாள். அந்த ஒழுங்கு வேலையோடு சரி.

வேலை முடிந்தால் 'ஏழு கோட்டை'. இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி ஆடும் மாயாஜால விளையாட்டு. அதில் அவள் பெயர் செங்கழுகு. ஆண்டுக்கொரு முறை ஆடுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். விளையாட்டை நடத்தும் கம்பெனி மாதம் ஒரு நாள் அவரை அழைத்துக் குறை கேட்கும். இந்த ஆண்டு நின்றவர்கள் இரண்டு பேர்: தங்கப்பல், பட்டறை.

தங்கப்பல் இறக்கை கொடுத்தான். மூன்று ஓட்டுக்கு ஒரு ஜோடி. போட்டதைப் படமெடுத்து அனுப்பினால் போதும். மற்றவர்கள் மூன்று மாதம் ஏறுகிற மலையை இறக்கை உள்ளவர் ஒரு நொடியில் தாண்டிவிடலாம்.

பட்டறை எதுவும் கொடுக்கவில்லை. எல்லோரும் மைக்கில் கத்திக்கொண்டு ஆடும்போது வாயைத் திறப்பதும் இல்லை.

"இன்னும் ஒண்ணு வேணுமா?" பில் போடும் பெண் எட்டிப் பார்த்தாள். ஒல்லி உடம்பு, குத்திக் குத்திப் பேச்சு. கடையில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். அவளும் ஏழு கோட்டைதான்.

"ஆமா. என்னோடது ஆச்சு, உன்னோடது ஆச்சு. மூணாவது எங்கண்ணனோடது."

"அவரும் ஆடுறாரா?"

"எங்க ஆடுறான்! ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப, சும்மா கிடக்கானேன்னு நான்தான் கணக்குத் தொடங்கிக் குடுத்தேன். ஆட்டப் பேரை அவனே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். தொட்டே இருக்க மாட்டான். எந்நேரமும் கதவைச் சாத்திக்கிட்டுப் படம் பாக்குறான்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எங்கண்ணன் ஓட்டைப் போட எங்கண்ணனையே கேக்கணுமாக்கும்! போடி."

"சரி, அந்தப் பட்டறை என்ன சொல்றான்னாவது படிச்சியா?"

"ரோபோ சொல்றதை யாருடி படிப்பா?"

பட்டறை ரோபோ என்பது அவள் கண்டுபிடிப்பு. பதினோரு நாளுக்கு முன், 'மனுஷனா இருந்தா ஒரு வார்த்தை பேசு' என்று பட்டறைக்கு எழுதினாள். அதையே பொதுக் குழுவிலும் போட்டு, 'இது கம்பெனி நிறுத்தின ரோபோ' என்று ஒரு வரி சேர்த்தாள். யாரும் சரிபார்க்கவில்லை. அவளும்தான்.

அண்ணனின் கணக்கைத் திறந்தாள். கடவுச்சொல் அன்று அவள் வைத்ததேதான், அவன் மாற்றவில்லை.

'நல்வரவு, வேட்பாளர் பட்டறை' என்றது திரை.

எங்கோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்தாள். வெளியே வந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்து, மறுபடி உள்ளே போனாள்.

'நல்வரவு, வேட்பாளர் பட்டறை.'

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். சாணையில் லென்ஸ் அளவு தாண்டித் தேய்ந்துகொண்டிருந்தது. குண்டூசிதான் ஓடிப்போய் நிறுத்தினாள்.

கணக்கில் இருநூற்றுப் பதினாலு கடிதங்கள். முதல் கடிதம் செங்கழுகினுடையது. மற்றவையெல்லாம் அதன் குட்டிகள். 'பேசு ரோபோ.' 'வாய்ல பூட்டா?' 'பேச்சு வராதவனுக்குப் பதவி எதுக்கு?' முதல் கடிதத்துக்கு மட்டும் ஒரு பதில் தொடங்கி, அனுப்பாமல் நின்றிருந்தது.

'பாப்பா, நான்தான்'

அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் உண்டு. கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது. பஸ் கண்டக்டராக இருந்தவன். கடைசி சீட்டில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும் குரல். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் சிலேட்டில்தான் பேச்சு.

பட்டறையின் தேர்தல் பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள். மூன்றே வரி. 'மைக்கில் பேசாதவர்களைச் சண்டையிலிருந்து வெளியேற்றுகிறார்கள். பேச முடியாதவர்களும் இங்கே இருக்கிறோம். சைகை காட்ட ஒரு பொத்தான் கேட்பேன்.'

"நானும் படிக்கலைடி," என்றாள் குண்டூசி. இந்த முறை குத்தல் இல்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. அண்ணன் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா... செங்கழுகு நான்தான்."

தெரியும் என்று தலையாட்டினான். எப்படித் தெரியாமல் போகும்? அவள் ஆடினால் தெருமுனை வரை கேட்கும். அவளுடைய சட்டையை மடித்து அவள் பக்கத்து அடுக்கில் வைத்தான்.

அவள் அங்கேயே நின்று மைக்கைத் திறந்தாள். குழுவில் முந்நூறு பேர் இருந்தார்கள்.

"செங்கழுகு பேசுறேன். பட்டறை ரோபோன்னு சொன்னேன்ல? பொய். அவருக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான். என்ன ஏதுன்னு விசாரிக்காம கிளப்பிவிட்டேன். இறக்கைக்கு ஆசைப்பட்டு ரெண்டு ஓட்டை வித்துட்டேன். மூணாவதைத் திருட வந்தேன். இன்னும் போடாதவங்க தயவுபண்ணி அவர் எழுதினதைப் படிங்க."

தங்கப்பல் சிரித்தான். "அப்போ இறக்கை வேணாமா, செங்கழுகு?"

"வேணாம். நடந்தே வரேன்."

யாரோ ஒருவர் மெல்ல, "நாங்க போட்டாச்சேம்மா," என்றார். போட்டதை மாற்ற முடியாது. குழுவை நடத்துகிறவன் தங்கப்பல்; அடுத்த நொடி அவளைக் குழுவிலிருந்து நீக்கினான்.

ஆறு மணிக்கு முடிவு வந்தது. பட்டறை இரண்டு ஓட்டில் தோற்றான்.

இரண்டு. அவளுடையதும் குண்டூசியுடையதும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் ஜெயித்திருப்பான். அண்ணன் மடித்து வைத்த துணியின் மேலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்னு ஒரு வரி எழுதினியே, அதை ஏண்ணா அனுப்பல? அனுப்பியிருந்தா உனக்கே போட்டிருப்பேனே. எல்லாரையும் போட வெச்சிருப்பேனே!"

அண்ணன் சிலேட்டை எடுத்தான். நிதானமாக எழுதி, அவள் பக்கம் திருப்பினான்.

'அதான் அனுப்பல. இறக்கைக்குப் போடறதும் அண்ணனுக்குப் போடறதும் ஒண்ணுதான். படிச்சுப் பாத்துப் போடணும், பாப்பா.'