நாற்பத்தொரு நாள் சுற்றிய தட்டு

இருபத்து மூன்றாம் நாள் மதியம், இனிகோ கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அவர் செய்த காந்தச் சக்கரம் நின்றுவிட்டது. பட்டென்று நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வேகம் குறைந்து, தயங்கி, கடைசியில் ஒரு காந்தம் கம்பிச்சுருளைத் தாண்ட முடியாமல் முன்னும் பின்னும் நாலு தடவை ஆடி ஓய்ந்தது. மனுஷர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் ஊற்றிய ரசம் ஆறிப்போனது.

“இருவத்து மூணுதான் செல்வி. நாப்பத்தொண்ணு எங்க, இது எங்க? எனக்கு மூளை மழுங்கிப் போச்சு.”

“செத்த நேரம் அத விட்டுட்டுச் சாப்பிடுங்க. இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கவா?” என்றாள் மரியசெல்வி. அவர் கேட்டதற்குச் சரியான பதில் அவளிடம் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் வாழைக்காய்ப் பொரியலை அள்ளி வைத்தாள்.

அந்த நாற்பத்தொன்று 1997-இல் நடந்த கூத்து. திண்டுக்கல்லில் குடித்தனம் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இனிகோ வடமதுரை ரோட்டில் ஒரு நூல் மில்லில் வயர்மேன். அவரும் கூட வேலை பார்த்த கண்ணனும் ஷிப்ட் முடிந்தால் டீக்கடைக்குப் போகாமல் பழைய இரும்புக் கடைக்குப் போகிற ரகம். உடைந்த ரேடியோக்களில் இருந்து காந்தத்தைப் பெயர்த்து எடுத்து, புதையல் கிடைத்த மாதிரி வேட்டியில் மடித்துக்கொண்டு வருவார்கள்.

சக்கரத்துக்கு வாகாக ஒன்றும் சிக்காமல் போகவே, மரியசெல்வியின் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஓட்டை போட்டு, சைக்கிள் அச்சில் மாட்டி, விளிம்பைச் சுற்றிக் காந்தங்களை ஒட்டினார்கள். எதிரே ஒரு கம்பிச்சுருள். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டி, விலகினால் பிரிகிற சின்னக் கண்ணாடிக் குழாய் சுவிட்ச் ஒன்று. காந்தம் சுருளுக்கு நேரே வரும்போது கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் கரண்ட் பாயும். திருவிழா ராட்டினத்தைக் கையால் தள்ளிவிடுவது போல, சுருள் காந்தத்தை ஒரு தள்ளு தள்ளும். இவ்வளவுக்கும் இரண்டு சிவப்பு டார்ச் பேட்டரிக் கட்டைகள் போதும். ‘சவேரியார் மாமா குடும்பம், வத்தலக்குண்டு’ என்று பேர் வெட்டிய தட்டு கிறுகிறுவென்று சுற்றியதைப் பார்த்து மரியசெல்விக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“கட்டை தீந்தப்புறமும் இது ஓடுதா பாப்போம்,” என்றார் இனிகோ. ஓடும் என்று அவருக்கு நம்பிக்கை. ஓடாது என்று கண்ணனுக்குச் சந்தேகம். எவனும் ஏமாற்ற முடியாதபடி இரண்டு கட்டைகளின் அடியிலும் ஆணியால் சிலுவை கீறி வைத்தார் இனிகோ. அந்த வீட்டில் புதுப் பானைக்கும் சிலுவைதான், புது விளக்குமாற்றுக்கும் சிலுவைதான்.

ஆறாம் நாள் மதியம் தட்டு தள்ளாட ஆரம்பித்தது. வீட்டில் மரியசெல்வி மட்டும்தான். அந்த ஐந்து நாளும் அவர் இருந்த இருப்பை அவள் பார்த்திருந்தாள். மில்லில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிவிட்டு உம்மென்று வருகிற மனுஷர், வாசலிலேயே “ஓடுதா?” என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார். பாடிக்கொண்டே குளிப்பார். இன்றைக்கு வந்து பார்த்து அந்த முகம் விழுந்துவிடுமே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. வயிற்றில் ஆறு மாசப் பிள்ளை வேறு. முக்குக் கடையில் இரண்டு கட்டை வாங்கினாள். ஆணியை எடுத்துச் சிலுவை கீறினாள். மாட்டிவிட்டாள்.

ஒரு தடவையோடு போயிருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் இனிகோ மீட்டரை வைத்துப் பார்த்தார். முள், முதல் நாளைவிட ஒரு நூல் மேலே நின்றது.

“செல்வி! ஏறியிருக்கு! காந்தத்துல இருந்து கரண்ட்டு ஊறுது! கெணத்துல தண்ணி ஊறுற மாதிரி ஊறுது!” அவளை அப்படியே தூக்கிவிட்டார். பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்து, பிள்ளைத்தாச்சியை இறக்கிவிடச் சொல்லிக் கத்தினாள். அந்தச் சமயத்தில் போய், நான்தான் கட்டையை மாற்றினேன் என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?

அப்புறம் அவளுக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது. முள் எகிறாமல் இருக்க, இரண்டு கட்டையையும் ஒரே நாளில் மாற்ற மாட்டாள்; இன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொன்னாள். சாமியார் இருமினார், சிரிப்பை அடக்கியிருப்பார் போல. மூன்று அருள் நிறைந்த மரியே செபிக்கச் சொல்லிவிட்டு, “வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிரும்மா,” என்றார். செபத்தை மட்டும் செய்தாள்.

முப்பதாம் நாள் விவகாரம் முற்றியது. தட்டை மதுரையில் ஒரு காலேஜ் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டப்போவதாக இனிகோ கிளம்பினார். கண்ணன் தடுத்தார்.

“வேணாம்டா. யாரோ கட்டைய மாத்துறாங்க.”

“யாரு? பேரச் சொல்லு.”

மரியசெல்வி டீ டம்ளரோடு கதவருகே நின்றாள். கண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. “தெரியல,” என்றார்.

“தெரியலைன்னா வாய மூடு. உனக்கு வயித்தெரிச்சல். என் வீட்டுக்குள்ள யாருலே வந்து மாத்துவா? வெளிய போ.”

கண்ணன் டீயைக் குடிக்காமலே போனார். மில்லில் ஷிப்டை மாற்றிக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இருபத்தெட்டு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இனிகோவின் அம்மா இறந்தபோது கண்ணன் வந்து, மாலையைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டார்.

அந்தச் சண்டை நடந்த வாரமே மரியசெல்வியைப் பேறுகாலத்துக்கு அய்யலூருக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் கடைசியாக இரண்டு கட்டையையும் மாற்றிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். நாற்பத்தொன்றாம் நாள் தட்டு நின்றது. சுவிட்ச் தேய்ந்துவிட்டது என்று இனிகோ முடிவுகட்டி, நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். மதுரைப் பயணம் அதோடு நின்றது. பிள்ளை பிறந்தது. பிழைப்பு ஓடியது.

இப்போது ஓய்வுக்கு அப்புறம் அந்தப் பைத்தியம் திரும்பியிருக்கிறது. இதே மாதிரி மோட்டார் செய்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பேகம்பூரில் செல்போன் கடை வைத்திருக்கிற ரஃபி, ஒட்டன்சத்திரத்து முகேஷ்குமார் என்று இருபது பேர். அவர்களிடம் நாற்பத்தொரு நாள் கதையை இனிகோ அளந்துவிட்டார். செய்து காட்டுங்கள் ஐயா, வந்து பார்க்கிறோம் என்றார்கள். எட்டு மாசம் உழைத்தார். பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இருந்து எடுத்த அச்சு, பட்டன் அளவில் புதுக் காந்தங்கள், மயிரிழைக் கம்பியில் சுருள். கட்டை மட்டும் அதே சிவப்புக் கட்டை, இரண்டே இரண்டு. முதல் முயற்சி ஐந்து நாள் ஓடியது, அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது பதினாறு. இன்றைக்கு இருபத்து மூன்று.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, போனைக் கையில் எடுத்தார்.

“என்ன எழுதுறீங்க?”

“நான் சொன்னது பொய்யின்னு எழுதிட்டு, குரூப்ப விட்டு வெளிய வாரேன். இந்தச் சக்கரத்தையும் எடைக்குப் போட்டுரு. என் கையாலயே ஒரு தடவ செஞ்சத திரும்பச் செய்ய முடியலைன்னா நான் என்னத்துக்கு?”

அவர் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்தாள். நாற்பத்தொன்றைக் காப்பாற்றினால் இந்த மனுஷர் கையைவிட்டுப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க ஒரு தடவையும் அதச் செய்யல,” என்றாள். “நான்தான் கட்டைய மாத்துனேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல், கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். இனிகோ பீரோவைத் திறந்து பழைய நோட்டை எடுத்து வந்தார். எந்தெந்த நாள் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறி வைத்தார். முள் ஏறிய ஒவ்வொரு நாளும் அவள் சொன்ன கணக்கில் சரியாக வந்து விழுந்தது.

“இம்புட்டு வருசம் என்னைய முட்டாளாவே வச்சிருந்திருக்க,” என்றார்.

“ஆமா. நீங்க அப்ப பாடிக்கிட்டே குளிச்சீங்க. அதுக்காகத்தான் செஞ்சேன். தப்புதான்.”

முப்பதாம் நாள், கண்ணனை வெளியே போகச் சொன்ன நாள், அந்தப் பக்கத்தில் அவர் பென்சில் நின்றது. அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். பொத்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

“எங்க போறீங்க?”

“கண்ணன் வீட்டுக்கு. நீயும் வா. நீதான் சொல்லணும்.”

நல்ல வெயில். இரண்டு தெருவை நடக்க இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணன் வாசலில் வேப்பம்பூவைக் காய வைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இருவரையும் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“அண்ணே,” என்றாள் மரியசெல்வி. “அந்தக் கட்டைய மாத்துனது நான்தாண்ணே.”

கண்ணன் கையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டார்.

“தெரியும்மா. முக்குக் கடையில நீ ரெண்டு கட்டைய வாங்கி முந்தானைக்குள்ள மறச்சுக்கிட்டுப் போனதப் பாத்தேன்.”

இனிகோ ஓரடி முன்னால் வந்தார். “ஏண்டா... அன்னைக்குப் பேரக் கேட்டேன்லடா. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.”

“உன் கோவம் தெரியாதாக்கும். மாசமா இருந்த பிள்ளைலே. மதுரையில போயி நீயும் அசிங்கப்படக் கூடாது, இந்தப் பிள்ளையும் உன்கிட்டத் திட்டு வாங்கக் கூடாது. வேற என்ன செய்யச் சொல்ற?”

இனிகோ வெயில் காய்ந்துகொண்டிருந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வைத்தார்.

“இப்பவும் செய்யிறியாமே. ஊருக்குள்ள பேசிக்கிறாங்க. எம்புட்டு நாளு ஓடுச்சு?”

“இருவத்து மூணு.”

கண்ணன் மெல்லத் திரும்பி மரியசெல்வியைப் பார்த்தார்.

“இந்தத் தடவ தொடவே இல்லண்ணே, மாதா சத்தியமா,” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏலே,” என்றார் கண்ணன். அவர் குரல் உயர்ந்துவிட்டது. “ரெண்டே கட்டையிலயா? இருவத்து மூணு நாளா? யாரும் தொடாமலா? அன்னைக்கு அது ஆறு நாளுகூடத் தாங்கலையே!”

இனிகோ நிமிர்ந்து பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். கண்ணன் அதற்குள் படியில் இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.