சமையலறைப் பக்கத்து விளக்குகள்

அந்த வீட்டில் எதை மறுப்பதாக இருந்தாலும் அவள் பெயரில்தான் மறுப்பார்கள். தம்பி குடும்பத்தோடு மலைக்குப் போகக் கணவருக்கு மனமில்லை என்றால், "உன் அண்ணிக்கு உயரம் ஒத்துக்காதுடா, தலை சுத்தும்" என்பார். தோழியின் பிறந்தநாள் விருந்துக்குப் போகச் சோம்பலாக இருந்தால் மகள், "எங்கம்மா விட மாட்டாங்கப்பா" என்று ஃபோனில் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடிப்பாள். யார் மனமும் நோகாமல் காரியம் முடிந்துவிடும். அவளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வீட்டில் இருக்கும் பொதுக் குடையை மழைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிடிப்பதைப் போலத்தான் அது.

இதனால் தெருவில் அவள் பெயரில் வேறொரு ஆள் உருவாகியிருந்தாள். அந்த ஆளுக்குச் சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது, எண்ணெய் ஆகாது, நாய் ஆகவே ஆகாது. அவள் வேலை முடிந்து நடந்து வந்தால் முனைவீட்டுக்காரர் நாயை அவசரமாக உள்ளே இழுத்துக்கொள்வார். அவளுக்கு அந்த நாயைப் பிடிக்கும். சொன்னதில்லை.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா இருந்துதா, இப்பப் போட்டதா?" என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தானும் ஒரு நாள் உட்காரலாம் என்பதே அவளுக்குத் தோன்றாமல் போயிருந்தது.

அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் வீட்டைச் சுற்றிச் சீரியல் லைட் கட்டுவார். முன்பக்கம் தெருவுக்கு. பக்கச் சுவரில் கட்டியது யாருக்கென்று அவருக்கே தெரியாது. மிஞ்சிய சரங்களை வீணாக்க மனமில்லாமல் கட்டியிருப்பார். அந்தச் சுவருக்கு நேர் எதிரே இருந்தது அவளுடைய சமையலறை ஜன்னல். சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் தேய்க்கப் போகும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுவாள். சோப்பு நுரையில் பச்சை விழும், பிறகு சிவப்பு, பிறகு மஞ்சள். கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கரி பிடித்த வாணலிகூட அழகாகத் தெரியும். "இருட்டுல என்னம்மா பண்றே?" என்று மகள் கேட்டால், "கண்ணு கூசுது" என்பாள். அதையும் மறுப்பாகத்தான் சொல்லத் தெரிந்தது அவளுக்கு.

இந்த வருடம் விளக்கு வந்த மறுவாரம் அவள் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுவிட்டு டியூப்லைட்டை அணைத்தாள். வெறும் இருட்டு. எதிர்ச்சுவரில் ஒரு சரம்கூட இல்லை. ஆணிகள் மட்டும் இருந்தன. முன்பக்கத்து விளக்குகள் மட்டும் தெருவில் மினுங்கிக்கொண்டிருந்தன.

"அந்தப் பக்கத்து லைட் என்ன ஆச்சு?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கணவர் சொன்னார். "கழட்டச் சொல்லிட்டேன். ஜன்னல் வழியா வந்து டிவி கண்ணாடில மினுக்கு மினுக்குன்னு விழுது. யார் மூஞ்சியும் தெரியல."

"அவர்கிட்ட அப்படியா சொன்னீங்க?"

"அப்படிச் சொல்ல முடியுமா? தினமும் அவரோடதானே வாக்கிங் போறேன்." அவர் கொஞ்சம் நெளிந்தார். "உனக்குத் தலைவலி, வெளிச்சம் ஒத்துக்கலைன்னு சொன்னேன். மனுஷன் பாவம், உடனே ஏணியைத் தூக்கிட்டு வந்துட்டார்."

மகள் சிரித்தாள். "சூப்பர்ப்பா. அம்மா தலைவலி எப்பவும் கைவசம் ரெடி."

அவள் தொட்டிக்கு முன்னால் திரும்பிப் போய் நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது வேறு ஒன்று: நான் என்ன நினைக்கிறேன் என்று இவர்களுக்குத் தெரியாது, அது மட்டுமல்ல, தெரிவதற்கு வழியே இல்லை. இத்தனை வருடங்களில் அவர்கள் மறுத்தவை எல்லாமே அவர்களுக்கு வேண்டாதவை. அவளுக்கும் அவற்றால் பெரிய நஷ்டம் இருந்ததில்லை. முதல்முறையாக, அவளுக்கு வேண்டிய ஒன்றை அவள் பெயரிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது பேசாமல் இருந்தால் அந்தத் தலைவலி நிஜமாகிவிடும். அடுத்த வருடம் டிரைவர் அந்தச் சுவர்ப்பக்கமே போக மாட்டார்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"டிரைவர் அண்ணன் வீட்டுக்கு. லைட்டைத் திரும்பப் போடச் சொல்லப் போறேன்."

கணவர் எழுந்தே விட்டார். "என்னன்னு சொல்லுவ? நான் பொய் சொன்னேன்னா?"

"எனக்கு அது பிடிக்கும்னு சொல்லப் போறேன். அதுல நீங்க எங்க வர்றீங்க?"

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்த டிரைவரின் மனைவி அவளைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "ஏங்க, அந்தப் பாட்டை நிறுத்துங்க! அக்கா வந்திருக்காங்க!" பாட்டு நின்றது. அதற்குள் டிரைவர் ஓடிப்போய் ஒரு சுவிட்சைத் தட்டினார். முன்பக்கத்து விளக்குகள் மொத்தமும் அணைந்தன. வாசல், செடிகள், கேட், எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின.

"மன்னிச்சுக்கம்மா தங்கச்சி," என்றது இருட்டுக்குள்ளிருந்து டிரைவரின் குரல். "முன்பக்கமும் தொந்தரவா இருக்கும்னு எனக்குத் தோணல. நாளைக்கே கழட்டிடறேன்."

"ஐயோ, போடுங்கண்ணே!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "போடுங்க! எனக்குத் தலைவலியே கிடையாது. எனக்கு இது பிடிக்கும். அந்தப் பக்கத்துது ரொம்பப் பிடிக்கும். தினமும் டியூப்லைட்டை அணைச்சுட்டு அந்த வெளிச்சத்துலதான் பாத்திரம் தேய்ப்பேன். அதுக்காகவே மெதுவா தேய்ப்பேன்."

விளக்குகள் திரும்பி வந்தன. டிரைவர் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தார்.

"அப்ப தலைவலி யாருக்கு?"

மனைவி அவர் விலாவில் இடித்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். இந்தச் சிரிப்பில் தன் கணவர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. காப்பாற்றத் தோன்றவில்லை.

"நான் சும்மா மிச்சச் சரத்தைத்தானே அங்க போட்டேன்," என்றார் டிரைவர். "அதை ஒரு ஆள் பாக்குறாங்கன்னு தெரிஞ்சிருந்தா நல்லதாப் போட்டிருப்பேனே. போடறேன்மா. ஆனா இன்னைக்கு ஏறி இறங்குனதுல முட்டி போச்சு. நாலு நாள் போகட்டும்."

"நாலு நாள் எதுக்கு? ஏணியைக் குடுங்க, நான் ஏறுறேன்."

"அக்கா, உங்களுக்குத்தான் உயரம் ஆகாதே!"

"யார் சொன்னா?"

யார் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். டிரைவர் ஏணியை எடுக்கப் போனார்.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த சந்தில் ஏணியைச் சாய்த்தார்கள். முதல் படிகளில் ஏணியை இறுகப் பற்றிக்கொண்டாள். ஒருவேளை கணவர் சொன்னது உண்மைதானோ என்றுகூட ஒரு கணம் பயந்தாள்; இத்தனை வருடம் கேட்டது உடம்பிலும் ஏறியிருக்கலாமே. கீழே பார்த்தாள். தலை சுற்றவில்லை. டிரைவரின் வழுக்கை மட்டும் தெரிந்தது.

"முதல்ல எது வேணும்? பச்சையா, மஞ்சளா?" என்று அவர் சரங்களைத் தூக்கிக் காட்டினார்.

கேட்கப்பட்ட சுகத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள்.

"பச்சை. அதுக்குக் கீழ சிவப்பு. மஞ்சள் ஜன்னலுக்கு நேரா."

கடைசி ஆணிக்கு எட்டிக்கொண்டிருந்தபோது கணவரும் மகளும் சந்தின் முனைக்கு வந்துவிட்டார்கள். "ஏய், இறங்கு! உனக்கு உயரம்..." என்று ஆரம்பித்தவர் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக வந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்தார்.

"ஏம்ப்பா, டிவி?" என்றாள் மகள்.

"திருப்பி வெச்சுக்கிட்டாப் போச்சு," என்று முனகினார் அவர்.

"உனக்கு இது பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றாள் மகள் மேலே பார்த்து. அதில் கேலி இல்லை.

"எனக்குப் பிடிச்சது இன்னும் நிறைய இருக்கு," என்றாள் அவள். "அண்ணே, போடுங்க."

விளக்குகள் அவள் முகத்துக்கு நேரே எரிந்தன. இத்தனை நாள் சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது இப்போது கை தொடும் தூரத்தில் இருந்தது. பச்சை அவள் வளையல்மேல் விழுந்தது, சிவப்பு கழுத்தில். கீழே நான்கு முகங்களும் நிறம் மாறி மாறி அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சரி, இறங்கு, கை வலிக்குது," என்றார் கணவர்.

"கொஞ்சம் வலிக்கட்டும்," என்றாள் அவள், ஒரு படி மேலே ஏறி. "நான் பாத்து முடிக்கல."