புயலுக்குத் துணையாக வந்த மகாராணி

ஆலங்குடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அறிவுச்செல்வனுக்குக் குதிரை ஆசை எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. புதுக்கோட்டையிலிருக்கும் ஒரு விலங்குக் காப்பகம் வாட்ஸ்அப்பில் போட்டிருந்த படத்தைப் பார்த்த நிமிடத்தில் வந்திருக்கலாம். கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து திரிந்த வெள்ளைக் குதிரை அது. இனி ஆகாது என்று யாரோ ரோட்டோரம் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. 'வளர்க்க மனமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்' என்று கீழே எழுதியிருந்தது. 'நான் எடுத்துக்கிறேன்' என்று அனுப்பிவிட்டுத்தான் அவர் யோசிக்கவே ஆரம்பித்தார்.

மனைவி தேவிப்ரியாவிடம் ஜீவகாருண்யம் என்று சொன்னார். உண்மை வேறு. படத்திலிருந்த எலும்புக்கூட்டை அவர் மனது உடனே கொழுக்க வைத்து, சேணம் பூட்டி, அதன்மேல் அவரையும் ஏற்றி, ஆலங்குடி கடைவீதி வழியாக நடத்திக்கொண்டு போய்விட்டது. அந்தக் கற்பனையில் அவருக்குத் தொப்பைகூட இல்லை.

குதிரை வந்து இறங்கியதும் 'புயல்' என்று பெயர் வைத்தார்.

"ஏங்க, ஒரு புயல் வந்து நம்ம தென்னமரத்தையெல்லாம் சாச்சுட்டுப் போனது பத்தாதா?" என்றாள் தேவிப்ரியா. "நிக்கவே தெம்பில்ல, இதுக்குப் பேரு புயலாம்." அவள் அதைத் தம்பி என்றே கூப்பிட்டாள். அது அவளுடைய குரலுக்குத்தான் காதைத் திருப்பியது.

வீட்டுக்குப் பின்னால் தோப்பில் பழைய மாட்டுக் கொட்டகை சும்மா கிடந்தது. அதைச் சுத்தம் பண்ணி, முன்னால் கொஞ்ச இடத்துக்கு வேலி போட்டுக் குதிரையை விட்டார்கள். பார்க்க வந்த கால்நடை மருத்துவர் அபிராமி, வந்ததும் வராததுமாகக் கையை நீட்டி எச்சரித்தார்.

"சார், எளைச்சுக் கெடக்கேன்னு கொள்ளு அள்ளிக் கொட்டிராதீங்க. வயித்துவலி வந்தே போயிரும். புல்லு, காஞ்ச கடலக்கொடி, கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி. அவசரமே கூடாது."

"அவசரப்படுற ஆளா டாக்டரம்மா நான்? ஊருக்கே பிரேக்கு போடக் கத்துக் குடுக்குறவன்."

ஆனால் கொஞ்சமாகப் போட்டதைக்கூடப் புயல் தின்னவில்லை. வேலியோரமாக அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தது. ரோட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிக் கனைக்கும். பதில் வராது. மறுபடியும் நடக்கும். உள்ள கொஞ்சநஞ்ச சதையும் நடந்தே கரைந்துவிடும் போலிருந்தது. அறிவுச்செல்வன் கடலைக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து பார்த்தார். மூன்று சுற்றில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"தனியா இருக்கு சார், அதான்," என்றார் அபிராமி போனில். "கூட்டமா இருக்குற பிராணி. தொணை வேணும்."

"நான்தான் கூடவே இருக்கேனே."

"நீங்க புல்லு திம்பீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் அவருக்கு உறைக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலிக்குள்ளே போய் உட்கார்ந்து, தினத்தாளைச் சத்தமாகப் படித்தார். புயல் ஒரு நிமிடம் நின்று கேட்டது. பிறகு திரும்பி, வாலை அவர் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. அவர் நாற்காலியை மறுபக்கம் போட்டார். வாலும் மறுபக்கம் வந்தது.

அடுத்ததாக இன்டர்நெட்டில் ஒரு யோசனை கிடைத்தது. தனிக் குதிரைக்குக் கண்ணாடி வைத்தால் இன்னொரு குதிரை இருப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். கல்யாணச் சீராக வந்த பீரோக் கண்ணாடியை, தேவிப்ரியா சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார். புயல் அதைப் பார்த்ததும் காதை நிமிர்த்தியது. மூக்கை நீட்டி மெல்லக் கனைத்தது, இதுவரை கேட்காத ஒரு சன்னமான குரலில். அறிவுச்செல்வன் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார். குதிரை கண்ணாடியை மோந்து பார்த்தது. பிறகு தலையை நுழைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தது. முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போய்த் தேடியது. அங்கே சுவர்தான் இருந்தது.

அவர் போனை இறக்கினார். கண்ணாடியை மேல்துண்டால் மூடி வெளியே தூக்கிவந்தபோது தன்மேல் அருவருப்பாக இருந்தது. வாயில்லாத ஜீவனை ஏமாற்றவா கூட்டி வந்தோம் என்று நினைத்தார். அன்று சாயங்காலம் அவராகவே அபிராமிக்குப் போன் போட்டார்.

"இன்னொரு குதிரைக்கு எடமும் இல்ல, தெம்பும் இல்ல டாக்டரம்மா. வேற என்ன பண்ணலாம்?"

"கழுதை நல்லா ஒத்துப்போகும் சார்."

கடைவீதியில் குதிரையில் போகிற படத்துக்குள் கழுதையை எங்கே நிறுத்துவது என்று அறிவுச்செல்வன் மனது பார்த்தது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் தேடிய அந்தத் தலை நினைவுக்கு வந்தது. "சரி, பாருங்க," என்றார்.

திருக்கோகர்ணத்தில் மூக்கன் என்பவர் தெருத்தெருவாகக் கழுதைப்பால் விற்றவர். பால் வற்றிப்போன ஒரு கழுதையை நல்ல இடத்தில் விட்டால் போதும் என்று தேடிக்கொண்டிருந்தார். குட்டியானை வண்டியில் அதை ஏற்றி அவரே கொண்டுவந்தார்.

"பேரு மகாராணிங்க. கொஞ்சம் ரோசக்காரி. பின்னாடி மட்டும் நிக்காதீங்க."

அபிராமி தெளிவாகச் சொல்லியிருந்தார். நடுவில் தடுப்பு கட்டுங்கள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முதலில் மோப்பம் பிடித்துப் பழகட்டும், பிறகு பார்க்கலாம். கற்றுக்கொள்ள வருகிறவர்களை மைதானத்தில் ஓட்டிப் பழகாமல் மெயின் ரோட்டுக்கே விடாத மனிதர், 'ரெண்டும் பாவப்பட்ட ஜென்மம்தானே, கட்டிப்பிடிச்சுக்கும்' என்று முடிவு செய்து மகாராணியை நேராக வேலிக்குள் இழுத்துப் போனார்.

புயல் ஓடி வந்தது. மூக்கோடு மூக்கு வைத்தது. கீச்சென்று ஒரு சத்தம் போட்டு முன்காலைத் தரையில் அறைந்தது. மகாராணி சட்டென்று திரும்பிப் பின்னங்கால் இரண்டையும் வீசினாள். குதிரை விலகிக்கொண்டது. விலகத் தெரியாத ஒருவர் நடுவில் நின்றிருந்தார். தொடையில் வாங்கிய வேகத்தில் அறிவுச்செல்வன் சாணிக் குவியலில் போய் உட்கார்ந்தார். அந்த நிலையிலும் அவருடைய வலதுகால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது.

தேவிப்ரியா ஓடி வந்து தூக்கினாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று தெரிந்தபிறகுதான் சிரித்தாள். "கார்ல தொங்குற எல் போர்டக் கழட்டி ஒங்க கழுத்துல மாட்டணும்."

"மாட்டு," என்றார் அவர்.

மறுநாள் நொண்டிக்கொண்டே மூங்கிலில் தடுப்பு கட்டினார். தேவிப்ரியா இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமுமாக நின்று இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கடலைக்கொடி போட்டார்கள். மகாராணி வெளுத்துக் கட்டினாள். தன்னுடையதை முடித்துவிட்டு மூங்கில் இடுக்கு வழியாகப் புயலின் பங்கையும் இழுத்தாள். ஒருநாள் புயல் நடையை நிறுத்தி அவள் இழுப்பதைப் பார்த்தது. இன்னொரு நாள் அதே கொத்தின் மறுமுனையைக் கடித்தது. அப்புறம் இழுபட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் தின்ன ஆரம்பித்தது. அறிவுச்செல்வன் கெஞ்சியும் நடக்காதது ஒரு திருட்டால் நடந்தது.

இப்போது பொறுமையாகத்தான் இருந்தார். தொடை வலி பொறுமையைக் கற்றுக்கொடுத்திருந்தது. இரண்டும் தடுப்பின் இருபுறமும் உடம்பை ஒட்டி நிற்பதை அபிராமி வந்து பார்த்து, "இனி எடுக்கலாம்," என்று சொன்ன பிறகே மூங்கிலைப் பிரித்தார். தீனித்தொட்டி இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தார். மகாராணி தன் தொட்டியில் இருந்ததைத் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போனாள். புயல் பேசாமல் அவளுடைய காலித் தொட்டிக்கு இடம் மாறிக்கொண்டது. அதனால் அவளை மட்டும் கட்டிப்போட்டுத் தீனி வைக்க வேண்டியிருந்தது. மற்றபடி சண்டை இல்லை. ஒன்றின் வால் இன்னொன்றின் முகத்து ஈயை ஓட்டியது.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே தோப்புக்குப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். புயல் வெயிலில் கால்களை நீட்டித் தரையோடு தரையாகக் கிடந்தது. அசைவே இல்லை. பக்கத்தில் மகாராணி நின்றுகொண்டிருந்தாள்.

"தேவி! போச்சுடி, எல்லாம் போச்சு!" என்று வாயில் நுரையோடு அலறினார். அபிராமிக்குப் போன் போட்டு, "டாக்டரம்மா, செத்துப்போச்சு, நான்தான் ஏதோ பண்ணிட்டேன், கொள்ளு கூடிப்போச்சோ என்னமோ," என்று அழுதார். உண்மையாகவே அழுதார். கடைவீதியும் சேணமும் அப்போது அவர் நினைவில் இல்லை.

அலறலில் புயல் ஒரு கண்ணைத் திறந்தது. யார் இந்த ஆள் என்பதுபோல் பார்த்தது. மகாராணி காதை மடித்துக்கொண்டு அவருக்கும் குதிரைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மூச்சு இருக்கா பாருங்க," என்றார் போனில் அபிராமி.

"என்னையப் பாக்குது."

"அப்ப செத்த குதிரை இல்ல சார். தூங்கிட்டு இருந்திருக்கு. தனியா இருந்தா அதுங்க இப்பிடிப் படுக்கப் பயப்படும், நின்னுக்கிட்டே கண்ணசரும். காவலுக்கு ஆள் இருந்தாத்தான் நீட்டிப் படுக்கும். எத்தன நாளைக்கப்புறம் தூங்குதோ, நீங்க போய்..."

"எழுப்பிட்டேன்," என்றார் அறிவுச்செல்வன்.

தேவிப்ரியா மூச்சிரைக்க வந்து நின்றாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். புயல் தலையை மறுபடி மண்ணில் சாய்த்தது. வயிறு மெதுவாக ஏறி இறங்கியது. விலா இன்னும் தெரிந்தது, ஆனால் முன்பு போல் இல்லை.

"முழிச்சதும் தம்பிக்குத் தண்ணி வைக்கணும்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

அவர் வேலியைத் தாண்டப் போனார். மகாராணி பின்பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பினாள். அறிவுச்செல்வன் எடுத்து வைத்த காலை அப்படியே பின்னுக்கு வைத்து, வேலிக்கு வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்தார். காயாத நுரை தாடியில் ஒட்டியிருக்க, குதிரை எழுந்திருக்கும்வரை அங்கேயே காத்திருந்தார். ஏழு மணி வகுப்புக்கு வந்தவர்கள் வாசலில் ஹாரன் அடித்தார்கள். அடிக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லத் தேவிப்ரியாவை ஓட விட்டார்.