இரண்டு மணி பத்து நிமிடம்

சொந்த நாட்டின் யாஷ் விமான நிலையத்தை விட்டு தோம்னிகா வெளியே வந்தபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. அக்கா புருஷன் தோதெர் காரில் சாய்ந்து சிகரெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தான். காலடியில் ஐந்தாறு துண்டுகள்.

"எட்டு அம்பதுக்கு வந்துருவான்னு சொல்லி அனுப்புனா உன் அக்கா. ஒரு மணி நேரமா நாய் மாதிரி காவல் காக்குறேன்."

"ஆறு நாப்பதுக்கு பெர்காமோவுல ஏறுனேன் அத்தான். அது இத்தாலி மணி. இங்க ஒரு மணி நேரம் கூட."

"எல்லாம் போன்ல போட்டுப் பாத்தாச்சு. ஆயிரத்து முன்னூத்துச் சொச்சம் கிலோமீட்டர், ரெண்டு மணி பத்து நிமிஷம். ஏறு, பதினோரு மணிக்கு எடுக்குறாங்க."

ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். குண்டும் குழியுமான சாலை. அம்மா செத்து இது மூன்றாம் நாள். அந்தப் பக்கம் சவப்பெட்டியைத் திறந்தபடியேதான் கொண்டுபோவார்கள். மூடியை ஒருவன் முன்னால் சுமந்து போவான். கல்லறை வாசலில் ஆணி அடித்தபிறகு பெற்ற மகளுக்கும் முகம் பார்க்கக் கிடைக்காது.

"பாதிரியார்ட்ட ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"நான் சொல்லமாட்டேன். ஒன்பது வருஷத்துல ரெண்டு தடவை வந்த. ரெண்டு மணி நேரப் பயணம்! ஊரான் அம்மாவுக்குக் குண்டி கழுவ நேரமிருக்கு."

"அங்க ப்ரேஷாவுல நான் கிழவியைப் பாத்துக்குற வீட்டுல லீவு கேட்டா ஆளை மாத்திருவாங்க. அம்மாவோட மருந்து எதுல வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

"மருந்து வந்துச்சு. ஊட்டுனது யாரு?"

காரில் மணி பதினொன்றானது. இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

"அக்கா மணியைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டா," என்றாள், தனக்கே சொல்வதுபோல.

தோதெர் சிரித்தான். "அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் தெரியாதுங்குறியா? பாதிரியாரே பன்னெண்டுக்கு வச்சுக்கலாம்னாரு. இவதான் பதினொன்னுன்னு ஒத்தக்கால்ல நின்னா."

"அப்ப நீங்க சும்மா இருந்தீங்க."

"நான் எதுக்குடி அவகிட்ட வாங்கிக் கட்டிக்கணும்?"

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்வலம் தெரிந்தது. ஒவ்வொரு முச்சந்தியிலும் துணி விரித்து, சவத்தை நிறுத்தி ஜெபம் படிப்பது வழக்கம். கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். அதைத் தாண்டினால் கல்லறை வாசல். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்தாள்.

பெட்டி ஏற்றிய டிராக்டர் வண்டிக்குப் பின்னால் கறுப்பு முக்காட்டோடு அக்கா ருக்சாந்தா. நகரவில்லை.

"வந்துட்டியா? ரெண்டு மணி நேரந்தானேடி."

"வழியை விடு."

"வேணும்னுதான் செஞ்சேன். எழுபது ராத்திரி அம்மா உன் பேரைச் சொல்லித்தான் கத்துனா. பக்கத்துல இருந்தவ நானு."

தோம்னிகா அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறினாள். அம்மாவின் நெற்றி ஈரமண்போல் இருந்தது. உதட்டை வைத்து எடுத்தாள்.

"போதும், இறங்கு," என்றாள் ருக்சாந்தா கீழேயிருந்து.

"முடிஞ்சா இறக்கு."

பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டு டிராக்டர்க்காரனுக்குத் தலையசைத்தார். வண்டி நகர்ந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.