அரை அங்குலம்

ஜீப்பை மூடப் படங்கு போதவில்லை. சுதாகரன் முன்பக்கத்தை இழுத்து மூடினால் பின்பக்கம் வெளியே தெரிந்தது. பின்பக்கத்தை இழுத்தால் முன்கண்ணாடி தெரிந்தது. சக்கரங்கள் கழற்றப்பட்டு நான்கு இரும்பு முட்டுகளின்மேல் நின்ற அந்த ஜீப்பை நகர்த்தவும் வழியில்லை. வீட்டு முற்றத்தோடு சேர்ந்தே வேலைக் கொட்டகையும் இருந்தபடியால், செத்தவீட்டுக்கு வந்த ஆண்கள் அதைச் சுற்றித்தான் கதிரைகளைப் போட்டு உட்கார வேண்டியிருந்தது.

"அண்ணி, பின்பக்கம் மூடேலாமல் கிடக்கு. விடட்டோ?" என்று வாசலில் நின்று கேட்டான்.

கனகாம்பிகை கணவன் முருகேசுவின் தலைமாட்டில் இருந்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து ஜீப்பின் பின்புறம் நேராகத் தெரிந்தது. புதிய பம்பரின் இடப்பக்கம் மட்டுமே பொருந்தியிருக்க, வலப்பக்கம் நிலத்தை நோக்கிச் சரிந்து தொங்கியது. அந்த வலப்பக்கத்து வெல்டிங் ஒட்டுகளைக் கிரைண்டரால் வெட்டி முடித்த கையோடுதான், நேற்று முற்பகல் பதினொரு மணிக்கு, முருகேசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தார். பிறகு எழும்பவில்லை. சுதாகரன் அப்போது வெல்டிங் குச்சி வாங்கச் சுன்னாகத்துக்குப் போயிருந்தான்.

"விடு" என்றாள்.

ஜீப் பிரவீணனுடையது. விடுமுறை நாள்களில் கூட்டாளிகளோடு வன்னிக் காட்டுப் பாதைகளில் அதை ஓட்டித் திரிவது அவனுக்குப் பழக்கம். குளக்கட்டுகளில் ஏறும்போதெல்லாம் பழைய பம்பர் தாழ்ந்து மண்ணில் குத்துகிறது என்றும், இரண்டு முனைகளும் மேல்நோக்கிச் சரிந்த, சேற்றில் புதைந்தால் கட்டி இழுக்கக் கொளுக்கிகள் வைத்த, மேலதிகச் சக்கரத்தைத் தாங்கக்கூடிய ஒன்று வேண்டும் என்றும் கேட்டு வந்தான். கடையில் அப்படி விற்பதில்லை. அச்சுவேலியில் அதைச் செய்து தரக்கூடியவர் முருகேசு ஒருவரே என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

முருகேசு எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கனகாம்பிகை முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவர்களுக்கிடையில் ஒரு வேலைமுறை தானாகவே அமைந்திருந்தது. அவர் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, வண்டியில் பொருத்திப் பார்த்து, உருவத்தைக் கண்டுபிடிப்பார். அவள் அந்த அட்டையைச் சதுரக்கோட்டுத் தாளில் வைத்து அளந்து, கோணங்களைக் கணித்துத் தருவாள். அதன் பிறகே தகட்டில் சோக்கட்டிக் கோடு விழும். "கோணம் டீச்சர்டை, இரும்பு என்ரை" என்று அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். கடைசியாக ஒருமுறை அவள் அளந்து பார்க்காமல் எந்த வேலையும் தெருப் படலையைத் தாண்டியதில்லை.

நேற்றுக் காலையிலும் அப்படித்தான் அளவுநாடாவோடு வந்தாள். பம்பர் அங்கங்கே பொட்டுப்பொட்டாக ஒட்டப்பட்டிருந்தது. முழு ஒட்டுப் போடுவதுதான் மிச்சம். பிரவீணன் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, நிலத்திலிருந்து இடப்பக்க முனைக்கு அளந்தாள், இருபது அங்குலம். வலப்பக்க முனைக்கு அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"இஞ்சருங்கோ, வலப்பக்கம் அரை அங்குலம் உயந்து நிக்குது."

"இருக்காதே."

"இருக்குது. வந்து பாருங்கோ."

முருகேசு முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாடாவையும் முட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லையப்பா, நிலம்..."

"நிலத்திலையிருந்துதான் அளந்தனான். ரெண்டுதரம் அளந்தனான். உங்களுக்குக் கண் பிழைச்சுப் போச்சு. பிள்ளை நாளைக்கு உந்த ஜீப்பைக் கொண்டுபோய் நாலு பேருக்கு முன்னாலை விடவேண்டாமோ?"

பிரவீணன் சங்கடப்பட்டுச் சிரித்தான். "அரை அங்குலந்தானே டீச்சர், ஆர் பாக்கப்போயினம்?"

"நான் பாத்திட்டன்" என்றாள் அவள்.

முருகேசுவின் முகத்தில் ஏதோ சொல்ல வந்த பாவனை சற்று நின்றது, பிறகு போய்விட்டது. "டீச்சர் அளந்தால் சரியாத்தான் இருக்கும், தம்பி. முப்பத்தைஞ்சு வரியத்திலை ஒருக்காலும் பிழைச்சதில்லை" என்று சொல்லிக்கொண்டே கிரைண்டரை எடுத்தார். பிரவீணன் விடைபெற்றுப் போயிருந்தான். பாரம் தாங்க ஒரு கை, வெட்ட ஒரு கை. வெயில் தகரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் சமையலுக்கு உள்ளே போனாள். கிரைண்டரின் இரைச்சல் நின்றபோது, வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

இப்போது வெளியே இருந்த ஆண்களின் பேச்சு உள்ளே கேட்டது.

"முருகேசு போட்ட கேற்றுக்குள்ளாலை போனால் ஆடும் நேராத்தான் நடக்கும் எண்டு சொல்லுவினம்."

"அது அந்தக் காலம். கடைசியிலை கண் விட்டிட்டுது போலை. உந்தப் பம்பரைப் பாருங்கோவன், எப்பிடிச் சரிஞ்சு கிடக்கு எண்டு."

"டீச்சரே சொன்னவவாம், கண் பிழைச்சுப் போச்சுதெண்டு."

"பாவம். தான் செய்த கடைசி வேலை கோணலாப் போச்சே எண்டு மனிசனுக்கு மனவருத்தம் வந்திருக்கும்."

கனகாம்பிகையின் பக்கத்தில் இருந்த அயல்வீட்டுக் கமலாவதி எழுந்து கதவைச் சற்றுச் சாத்தினாள். கனகாம்பிகை அசையவில்லை. அவர்கள் சொன்னதில் அவள் சொல்லாதது எதுவும் இல்லை. ஆயினும் அந்த அரை அங்குலம் அவளுக்குப் பொருந்தவில்லை. ஒரு நூல் பிசகினாலும் இரவு நித்திரை கொள்ளாத மனிதர், அரை அங்குலத்தை எப்படிக் காணாமல் விட்டார்? எழுந்துபோய் இன்னொருதரம் அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் பிரேதத்தை விட்டு அவள் எழும்ப முடியாது. எழும்பினால் நாலு பெண்கள் சேர்ந்து பிடித்து இருத்துவார்கள்.

ஐயர் வந்தார். திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்தார்கள். தோய்ந்த ஈரவேட்டியோடு சுதாகரன் தமையனுக்குச் செய்ய வேண்டியவற்றைச் செய்தான். வாய்க்கரிசி போடும்போது கனகாம்பிகை கணவனின் கைகளைப் பார்த்தாள். தீப்பொறி பட்ட கறுத்த புள்ளிகள் முழங்கைவரை இருந்தன. யாரோ அந்தக் கைகளை நன்றாகக் கழுவியிருந்தார்கள். நகக்கண்ணில் மட்டும் இரும்புத்தூள் போகவில்லை. அவள் தன் சேலைத் தலைப்பால் ஒரு விரலைத் துடைக்கப் பார்த்தாள். "அக்கா, நேரம் போகுது" என்றாள் கமலாவதி. சங்கும் சேமக்கலமும் ஒலித்தன. பெண்கள் படலைவரை போய் அழுது திரும்பினார்கள். ஆண்கள் மயானத்துக்குப் போனார்கள்.

பிரேதம் போன வீட்டைக் கழுவ வேண்டும். கமலாவதி வாளியோடு வந்து, "நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் கழுவிறம்" என்றாள்.

"வீட்டை நீங்கள் கழுவுங்கோ. அவர் விழுந்த இடத்தை நான் கழுவிறன்."

"உங்களுக்கு ஏலுமே?"

"ஏலும்."

அவள் சொன்ன தோரணையில் கமலாவதி வாளியைக் கொடுத்துவிட்டாள்.

கனகாம்பிகை கொட்டகைக்குள் போய், பம்பரின் இடப்பக்க முனைக்குக் கீழே தண்ணீரை ஊற்றினாள். அது ஊற்றிய இடத்தில் நிற்கவில்லை. சீமெந்து நிலத்தில் மெல்லிய நாக்குகளாகப் பிரிந்து, இரும்புத்தூளையும் வெற்றிலைக் கழிவையும் இழுத்துக்கொண்டு, ஜீப்பின் அடியால் வலப்பக்கத்துக்கு ஓடியது. அங்கே இரண்டு வலப்பக்க முட்டுகளையும் சுற்றித் தேங்கியது. முட்டுகளின் அடியில் மெல்லிய பலகைத் துண்டுகள் இருந்தன. இடப்பக்க முட்டுகளின் அடியில் எதுவும் இல்லை. பலகைகளின் வெளிறிய நிறம் நனைந்து கறுத்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மாரி வெள்ளம் கொட்டகைக்குள் நிற்கிறது என்று, மேசனிடம் தண்ணீர் வடிந்தோட வாட்டம் வைத்து நிலம் போடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவள் அவளேதான். இதுவரை வந்த வண்டிகளெல்லாம் தம் சக்கரங்களிலேயே நின்றன. நிலம் சரிந்தால் அவையும் கூடச் சரிந்தன. நிலத்திலிருந்து அளந்தால் சரியாகவே வந்தது. இந்த ஜீப்பைத்தான் முருகேசு முட்டில் ஏற்றி, பலகை வைத்து, நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்து நிமிர்த்தியிருந்தார். நிலம் சரிந்தே இருந்தது. ஜீப் நேராக நின்றது. பம்பரும் நேராகவே நின்றது.

ஒட்டை வெட்டியிருக்கத் தேவையில்லை.

ஆண்கள் திரும்பி வந்து படலையடியில் கால் கழுவினார்கள். சுதாகரனும் பிரவீணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கொட்டகைப் பக்கம் வந்து நின்றார்கள்.

"அவசரமில்லை, சுதாகரண்ணை. செத்தவீட்டுத் துடக்குக் கழிஞ்சு ஆறுதலாச் செய்யுங்கோ" என்றான் பிரவீணன்.

"என்ன பெரிய வேலை? வலப்பக்கத்தை அண்ணி சொன்ன மாதிரி அரை அங்குலம் இறக்கி ஒட்டினால் சரி."

"இறக்காதை" என்றாள் கனகாம்பிகை.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அண்ணை வைச்ச இடத்திலையே வைச்சு ஒட்டு. அவர் வைச்சது சரி. நான்தான் பிழையா அளந்தனான்."

சுதாகரன் அவளைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். குந்தியிருந்து, நனைந்த பலகைத் துண்டை விரலால் தொட்டான். நேற்றுத் தான் இங்கே நின்றிருந்தால் என்ற நினைப்பு அவன் முகத்தில் வந்தது.

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், "இப்ப ஏன் பிள்ளை உந்தக் கதை? உள்ளை போய் இரு மோனை" என்றார்.

"இல்லை ஐயா. அவருக்குக் கண் பிழைச்சதெண்டு நேற்று நான் சொன்னனான். நீங்களும் அதைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். அவருக்குக் கண் பிழைக்கேல்லை. நிலம் சரிவு. நான் நிலத்திலையிருந்து அளந்து போட்டு, அவரைச் சொல்ல விடேல்லை."

வகுப்பில் பாடம் சொல்லும் அதே குரலில், ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னாள். பிரவீணன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே கமலாவதி கழுவிய தண்ணீரை வாசலால் தள்ளும் ஓசை கேட்டது.

பந்தற்கால் நாட்ட வெட்டிய மண் வலப்பக்கத்து வடிகால் கானை அடைத்திருந்தபடியால், கொட்டகைத் தண்ணீர் போக வழியின்றி நின்றது. கனகாம்பிகை தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்து அதைப் படலைப் பக்கமாகத் தள்ளினாள். சற்றுத் தூரம் போய், முருகேசு விழுந்த இடத்தைக் கடந்து, அது மெதுவாகத் திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினாள். "விடுங்கோ அண்ணி, நான் கானை வெட்டி விடுறன்" என்று சுதாகரன் கையை நீட்டினான். அவள் தும்புத்தடியைக் கொடுக்கவில்லை. வந்த தண்ணீர் அவள் பாதங்களை நனைத்துக்கொண்டு நின்றது.